எதிர்க் கும்பல்

குவைத்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் மகனும் சுகமா? மழையில் நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கினால் கோயிலுக்குப் போய்விடுங்கள்.

போனில் பேசினால் வீட்டுக்கார மேடம் பக்கத்திலேயே நிற்பார். அதனால் ஹாலிஎல ஊருக்கு லீவில் வரும் மாலினியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மேடத்தின் மகன் தெருக் கும்பல்கள் கராத்தேயில் மோதும் படமொன்றைத் தினமும் பார்க்கிறான். முடிந்ததும் அவன் ஒரு கும்பல், நான் எதிர்க் கும்பல். அவன் உதைத்தால் நான் விழ வேண்டும். விளையாட்டுத்தானே என்று மேடம் சிரிப்பார். நீங்கள் பயப்பட வேண்டாம். மாலினி திரும்பும்போது இடுப்புக்குப் பூச ஒரு போத்தல் எண்ணெய் மட்டும் அனுப்புங்கள்.

அன்றைக்கு வீடியோவில் நம்ம டிலக்‌ஷன், "அம்மா, இங்க பாருங்க!" என்று காலை ஓங்கினானே. போன் ஏன் விழுந்தது என்று கேட்டீர்கள். கை வழுக்கவில்லை அத்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அவனிடம் சொல்லாதீங்க.

மேடம் கூப்பிடுகிறார்.

யோகராணி