அறுபத்தொரு நாள் தேநீர்

ஜனவரி 13
மின்வேலைப் பயிலுனராகச் சேர்ந்தேன். கண்டி நகரத்துக் கம்பனி. பையன்களை வயர் இழுக்கக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். பொறுப்பாளர் மாத்தையா என் விலாசத்தைப் பார்த்தார். "ஹந்தானைத் தேயிலைத் தோட்டமா? அப்ப தேத்தண்ணி நல்லாப் போடுவாய்." எல்லோரும் சிரித்தார்கள். போட்டேன்.

ஜனவரி 14
அன்றன்று செய்த வேலையைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி மாத்தையாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கூடப் பயிலும் ஃபாஸில் நானா தன் புத்தகத்தை நீட்டினார். "இதப் பார்த்து எழுதுங்க தங்கச்சி. சைட்டுக்குப் போகாதவங்களும் இப்படித்தான் எழுதுற."
நான் எழுதியது: பத்துப் பேருக்குத் தேநீர், இரண்டு வேளை. கோப்பை கழுவுதல்.
மாத்தையாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டார்.

பெப்ரவரி 17
தேநீர். கையெழுத்து.

ஏப்ரல் 22
பயிற்சி அதிகாரி ரபீகா மிஸ் பார்வையிட வந்தார். அக்குறணைக்காரர், தமிழ் வாசிப்பார். "என்ன புள்ள இது? அறுபத்தொரு நாளும் தேத்தண்ணியா?" மாத்தையாவுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். மாத்தையாவின் முகம் கறுத்ததைப் பார்த்ததுதான் மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.
வெளியே வந்து மிஸ் சொன்னார்: "புதுப் புத்தகத்தில வயரிங் வேலைன்னு எழுதினா மாத்தையா சைன் பண்றாராம். இல்லாட்டி இந்த மூணு மாசமும் பயிற்சிக் கணக்கில சேராது. வேற இடத்தில முதல்ல இருந்து. ஒங்கட விருப்பம்."

ஏப்ரல் 23
அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே கத்தினார். "எழுதிக் குடுத்துத் தொலையேன்டி. உன்னாலதான் ஊரு திருந்தப் போவுதா?"
நானும் விடவில்லை. "ஊரை யாரு திருத்தப் போறா? வருசக் கடைசியில செய்முறைப் பரீட்சை இருக்கு. எரிஞ்ச மோட்டர கையில குடுப்பாங்க. அப்ப அந்தப் பொய்யா வந்து பழுது பாக்கும்? ஒரு வயரக்கூட தொட விடாதது அவங்க — வெக்கம் மட்டும் எனக்கா?"

ஏப்ரல் 27
புதுப் புத்தகத்தை எழுதாமலே திருப்பிக் கொடுத்தேன். "வேற இடம் பாருங்க மிஸ்."

மே 18
கெலிஓயா. மிஸ் பார்த்துத் தந்த இடம், இப்திகார் நானாவின் மோட்டர் திருத்தும் கடை. மொத்தம் மூன்று பேர். முதல் நாளே எரிந்த தண்ணீர் மோட்டரை முன்னால் வைத்தார். "எண்ணி எண்ணிச் சுத்துங்க. கணக்குப் பிழைச்சா கழட்டுங்க." செம்புக் கம்பியை மூன்று முறை கழற்றினேன். விரலில் வெட்டு.

ஜூன் 9
நான் சுற்றிய மோட்டர் ஓடியது. நானா காதை வைத்துக் கேட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளினார்.
இங்கே தேநீர் முறை வைத்து. நேற்று நானா போட்டார், இன்று நான். புத்தகத்தில் மோட்டரை மட்டும் எழுதினேன்.