அவளோட நம்பர்தான் பெரிசு

ஆகஸ்ட் 4

இன்றைக்கும் எட்டுதான் ஜெயித்தது. நாலில் ஒன்று பெரிசா, எட்டில் ஒன்று பெரிசா என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் "எட்டு" என்கிறது. வருஷா வருஷம் இதே பாட்டு. ஆளுக்கு ரெண்டு காகிதப் பட்டை கொடுத்தேன். ஒன்றை நாலாக மடி, ஒரு பாகத்துக்குக் கலர் அடி. இன்னொன்றை எட்டாக மடி, ஒரு பாகத்துக்குக் கலர் அடி. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அப்புறம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தன், "டீச்சர், நிறைய பேருக்குப் பிரிச்சா கொஞ்சம்தான் கிடைக்கும்" என்றான். இந்த ஒரு வாக்கியம் காதில் விழுவதற்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.

கீழே கிடந்த காகிதங்களைப் பெருக்கிக்கொண்டே ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கோபமும் நியாயம்தான்.

பி பிரிவில் என் நாத்தனார் பின்னம் முழுவதையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாளாம். ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் எட்டில் கிடக்கிறேன்.

ஆகஸ்ட் 7

மதியம் ஹெச்.எம். எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினாள். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்களாம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு ஏ-வும் பி-யும் ஒன்றாகிவிடும். ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் போதும். கணக்கில் எந்தப் பிரிவின் சராசரி கூடுதலோ, அந்த டீச்சருக்கு ஐந்து. மற்றவளுக்கு ஒன்றாம் வகுப்பு. "ஆரோக்கியமான போட்டியா இருக்கட்டும்" என்று சிரித்தாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிற ரெண்டு பேருக்கு நடுவில் ஆரோக்கியமான போட்டி. நல்லா இருக்கு.

நாத்தனாரை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுடும், எங்க ஸ்கூல்ல ஒரு இடம் இருக்கு, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி அண்ணி என்று உருகினாள். இப்போதும் உருகத்தான் செய்கிறாள். சாயங்காலம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஒன்றாம் வகுப்பு ஒன்றும் மட்டமில்லை. ஆனால் எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே? ருசியாகச் சமைக்க வராது. நாலு பேரோடு சிரித்துப் பேச வராது. பின்னமும் தசமமும் பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரும். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்?

ஆகஸ்ட் 19

தசமம் ஆரம்பித்தாயிற்று. நூறு கட்டம் போட்ட சதுரம், ஆளுக்கு ஒன்று. 0.6 என்றால் அறுபது கட்டத்துக்குக் கலர். 0.45 என்றால் நாற்பத்தைந்து கட்டத்துக்கு. "நாப்பத்தஞ்சுதானே டீச்சர் பெரிசு, ஆறு சின்னதுதானே" என்று ஆரம்பித்தவர்கள், அடித்து முடித்ததும் தலையைச் சொறிந்தார்கள். சொறியட்டும். சொறிந்தால்தான் உள்ளே போகும்.

மெதுவாகப் போகிறேன், தெரிகிறது. வேகமாகப் போனால் பிள்ளைகளிடம் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது, என்ன செய்ய?

ஆகஸ்ட் 28

பி பிரிவு தசமத்தையும் முடித்துவிட்டது. இப்போது ரிவிஷனாம்.

செப்டம்பர் 3

காலாண்டுக் கணக்குத் தாள் எடுப்பது இந்தத் தடவை நாத்தனார் முறை. முறை வைத்துத்தான் எடுக்கிறோம். போன தடவை நான் எடுத்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் போட்டி நடக்கிற நேரத்தில் அவளே எடுப்பது சரியாகப் படவில்லை. வீட்டுக்காரரிடம் லேசாகச் சொன்னேன். "உனக்கு ஏன் புத்தி இப்படிப் போகுது? அவ என் தங்கச்சி, திருடி இல்ல" என்றார். திருடி என்று நான் எங்கே சொன்னேன்?

செப்டம்பர் 17

தேர்வு. "எது பெரியது?" என்று பத்து ஜோடி தசம எண்கள், மற்றபடி வழக்கமான கூட்டல் கழித்தல். எளிதான தாள். என் பிள்ளைகள் ஓரத்தில் கட்டம் போட்டு, பார்த்துப் பார்த்து எழுதினார்கள். மணி அடித்தபோது பாதிப் பேருக்குக் கடைசிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஒருத்தி அழுதுவிட்டாள். "தெரியும் டீச்சர், நேரம்தான் இல்ல." எனக்கும் தெரியும் கண்ணு.

செப்டம்பர் 23

ஏ பிரிவு 61. பி பிரிவு 84. ஸ்டாஃப் ரூமில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

செப்டம்பர் 25

எழுதக் கை ஓடவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

விளையாட்டு விழாவுக்கு நீளம் தாண்ட ஆள் எடுத்தார்கள். பி.டி. மாஸ்டர் டேப் பிடித்து மீட்டர் கணக்கில் அளந்து சொல்ல, பி பிரிவுப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி 2.3 தாண்டினாள். இன்னொருத்தி 2.45. 2.3 தாண்டியவளைச் சுற்றி ஒரே கும்மாளம். மற்றவள் ஓரமாகப் போய் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிழலுக்காக அந்தப் பக்கம் நின்றிருந்த நான் போய்க் கேட்டேன்.

"மண்ணுல பாரு. யார் கால் தூரமா விழுந்திருக்கு?"

"என்னோடதுதான் டீச்சர்."

"அப்புறம் ஏன் தோத்த மாதிரி உக்காந்திருக்கே?"

"அவளோட நம்பர்தான் டீச்சர் பெரிசு. புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர் இருந்தா பெரிசு. ரெண்டு இருந்தா சின்னது."

சுற்றி நின்றது அத்தனையும் தலையாட்டியது. மண்ணில் தடம் பச்சையாகத் தெரிகிறது, அவளுடையது நன்றாகவே தள்ளி இருக்கிறது. ஒரு பிள்ளைகூட அதைப் பார்க்கவில்லை. தாண்டியவளே பார்க்கவில்லை. மாஸ்டர், "என்னம்மா கணக்கு இது" என்று சிரித்துவிட்டு அவளைத்தான் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவளுக்கு அது யாரோ பாவம் பார்த்துக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

உள்ளே போய் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். 0.8, 0.35. 0.7, 0.62. 0.9, 0.48. பத்து ஜோடியிலும் குட்டையான எண்தான் பெரிசு. தப்பான விதியை மனப்பாடம் பண்ணிவிட்டு முழு மார்க் வாங்கலாம். வாங்கியிருக்கிறார்கள்.

வேண்டுமென்றே செய்தாளா? அப்படி இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்துவிடுவேன். எனக்கு வருகிற சந்தேகம் வேறு.

செப்டம்பர் 26

சந்தேகம் சரிதான். அவளுக்கே தெரியாது.

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், 0.75 பெரிசா 0.5 பெரிசா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "0.5."

"எப்படிச் சொல்றே?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க, கீழ நம்பர் பெரிசாக ஆகத் துண்டு சின்னதாகும்னு. பத்துல ஒண்ணு பெரிய துண்டு. நூறுல ஒண்ணு சின்னத் துண்டு. அப்போ நூறுல வர்றதெல்லாம் சின்னதுதானே?"

"துண்டு சின்னதுதான். எத்தனை துண்டுன்னு பார்க்க வேண்டாமா?"

கத்தியைக் கீழே வைத்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, அரைவாசிக்குக் கோடு அடித்தேன், அப்புறம் முக்கால்வாசிக்கு. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மக்கு இல்லை, சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் வெளுத்தது. அப்புறம் அழுகை. "வெளிய சொல்லிடாதீங்க அண்ணி. இதுவும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?"

பாவமாகத்தான் இருந்தது. "நீயே போய் ஹெச்.எம்.கிட்ட சொல்லு. தாள் சரியா அமையல, இன்னொரு தடவை தேர்வு வைக்கலாம்னு சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

செப்டம்பர் 29

சொல்லவில்லை.

அக்டோபர் 1

இன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்காரர் காதுக்கு விஷயம் போய்விட்டது, அவள் சொன்ன விதத்தில். "விட்டுக் குடேன். உனக்கு வீடு இருக்கு, நான் இருக்கேன். அவளுக்கு அந்த க்ளாஸ் ஒண்ணுதான்."

"அந்தப் பிள்ளைங்க தப்பாப் படிச்சிட்டு இருக்காங்களே, அது?"

"ஒரு புள்ளிக்காக ஒரு குடும்பத்தையே உடைப்பியா நீ?"

புள்ளியாம். இத்தனை வருஷம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது இந்த மனுஷனுக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 3

போனேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஹெச்.எம். பொறுமையாகத்தான் கேட்டாள். தாளை வாங்கி ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. அதுதான் இன்னும் எரிகிறது எனக்கு. புரிந்துகொண்டு, தாளை மடித்து என் பக்கமே தள்ளினாள். "மார்க் வீட்டுக்குப் போயாச்சு டீச்சர். இனிமே போய், உங்க பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலன்னு எந்தப் பெத்தவங்ககிட்ட நான் சொல்றது?"

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாராவது வந்து சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். நாத்தனாரைப் பத்தி அண்ணி வந்து சொன்னா, கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

முடிந்தது. தசமம் போய் நாத்தனார் சண்டை ஆகிவிட்டது. நான் வயிற்றெரிச்சல்காரி. ஏன், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லையா? இருக்கு. நல்லாவே இருக்கு. அதுக்காக 0.75 சின்னதாயிடுமா?

பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரக்கூட விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒன்றாம் வகுப்பு.

அக்டோபர் 6

ஷூ லேஸ். மூக்குச் சிந்தி விடுவது. "டீச்சர், இவன் என்னைக் கிள்றான்." ஒன்று, இரண்டு, மூன்று என்று கோரஸ். நல்ல பிள்ளைகள்தான், இவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? மதியம் வராந்தாவில் என் பழைய பிள்ளைகள் வரிசையில் போனார்கள். ஒருத்தி மட்டும் வரிசையை விட்டு வந்து, "எங்களாலதானே டீச்சர்? மார்க் கம்மியானதாலதானே?" என்றாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பவில்லை.

வீட்டில் "உப்பு கம்மி" தவிர என்னோடு யாரும் பேசுவதில்லை.

அக்டோபர் 21

நாத்தனார் விதியை மாற்றிவிட்டாளாம். புள்ளிக்கு அப்புறம் சைபர் சேர்த்து ரெண்டு பக்கமும் சமமாக்கிவிட்டு, பெரிசைப் பார்த்து டிக் அடி. சரியான விடைதான் வரும், எப்போதும் வரும். ஏன் வருகிறது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு ரொம்பத் திருப்தி. "பாத்தியா, அவளே சரி பண்ணிட்டா. இதுக்குப் போய் என்னா ஆட்டம் ஆடினே."

நவம்பர் 12

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து கதவோரம் நின்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் "அண்ணி" என்றாள்.

"0.6-ஐ 0.2-ஆல வகுத்தா 3 வருது. வகுத்தா குறையத்தானே வேணும், இது எப்படிக் கூடுதுன்னு உங்க பசங்கள்ல ஒருத்தி தொணதொணன்னு கேட்டுட்டே இருக்கா. விதியைச் சொன்னேன். 'விதி தெரியும் டீச்சர், ஏன்னுதான் கேக்கறேன்'ங்கறா. எனக்கும் தெரியல அண்ணி. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. எவள் கேட்டிருந்தாலும் அது நான் ஒட்டவைத்த வியாதிதான்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு காகிதப் பட்டையைப் பத்தாக மடி. ஆறு பாகம் எடுத்துக்கொள். அதிலிருந்து ரெண்டு ரெண்டாக எடு. எத்தனை தடவை எடுக்க முடிகிறது? மூணு தடவை. மூணு என்பது பங்கு இல்லை, தடவை. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? அவளுக்கும் புரிந்திருக்கும். நாளைக்கு வகுப்பே தலையைச் சொறிந்திருக்கும்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் புள்ளியை ஒரு இடம் தள்ளிட்டு வகுக்கச் சொல்லு. விதி அப்படி. ஏன்னு கேட்டா, அதெல்லாம் தேர்வுல வராதுன்னு சொல்லிடு."

"சரி அண்ணி" என்று போய்விட்டாள்.

என் வாயால்தான் சொன்னேன். இதில் எனக்கு என்ன சுகம்? சுகம் இருந்தது, இங்கேயும் பொய் எழுதக் கூடாது. கையைத் துடைப்பதற்குள் அது போய்விட்டது. எழுந்து போய் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் அறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் போகவில்லை.

நவம்பர் 26

வீட்டில் ஒருவழியாகப் பேச்சு திரும்பியிருக்கிறது. இன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம்.

"நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "இப்ப அந்தப் பொண்ணு கேள்வியே கேக்கறதில்ல. பத்துக்குப் பத்து வாங்கறா."

"ஒத்துமையா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்று வீட்டுக்காரர் என் தட்டில் தன் கையாலேயே இன்னொரு கரண்டி சாதம் போட்டார்.

பசித்தது. சாப்பிட்டேன்.