பனிக்கு நீலம்

பிரிக்பீல்ட்ஸ்
4 டிசம்பர் 1933

என் அருமை மகதலேனாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிடும் திரையில் பனிக்காடும் நடுவே ஓர் ஓடையும் வேண்டும் என்கிறார் சாமியார். கடைப் பலகை எழுதுகிற எனக்குப் பனியை எங்கே தெரியும்? அதனால்தான் வீட்டுக்கு வர முடியவில்லை, கோபிக்காதே. சாப்பாடு கெர்ட்ரூட் அம்மா வீட்டில். கோயிலுக்குப் பூ வைக்கிற வயதானவர், தாய் மாதிரி. கழுத்துப்பட்டி கிழிந்த சட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறேன், தைத்து வை.

உன் சிரில்


கிள்ளான்
8 டிசம்பர் 1933

பிரியமுள்ள அத்தானுக்கு,

சட்டையைத் தைத்துவிட்டேன். நல்ல வெளுப்பு. வெயிலில் பிடித்தால் நீலம் தெரிகிறது. நான் கஞ்சிதான் போடுவேன், நம் வீட்டில் நீலம் வாங்கியதே இல்லை. நீங்கள் ஒரு கைக்குட்டை துவைத்தும் நான் பார்த்ததில்லை. யார் துவைத்தது? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். அடுப்படிக் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகதலேனா


பிரிக்பீல்ட்ஸ்
12 டிசம்பர் 1933

என் சந்தேகக்காரிக்கு,

பனி என்றால் வெறும் வெள்ளை என்று நினைத்தாயா? நிழல் விழுந்த இடமெல்லாம் நீலம். சாமியார் காட்டிய வாழ்த்து அட்டையில் பார்த்தேன். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வெள்ளையில் கலந்துதான் பனி முழுவதையும் முடித்தேன். நீலம் கரைத்த வாளி கவிழ்ந்து சட்டை நனைந்தது, அவ்வளவுதான். ஓரத்து மரங்கள் மட்டும் பாக்கி. பண்டிகைக்கு வந்துவிடுவேன், நீ அலைய வேண்டாம்.

உன் சிரில்


கிள்ளான்
17 டிசம்பர் 1933

சிரில் அவர்களுக்கு,

நேற்றுக் காலை ரயிலில் வந்தேன். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். கோயில் கூட்டுகிற தம்புசாமிதான் திரையைக் காட்டினார். "மரமெல்லாம் போன வாரமே முடிச்சிட்டாரும்மா" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பனி முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. ஓடைகூட நம் கிள்ளான் ஆறு மாதிரிச் செம்மண்ணாக ஓடுகிறது. ஒரு சொட்டு நீலம் இல்லை.

அவர் சொன்ன வழியில் நீங்கள் சாப்பிடுகிற வீட்டுக்கு நடந்தேன். கொடியில் உங்கள் சட்டைகள், பக்கத்தில் வெள்ளை ரவிக்கைகள். எல்லாவற்றிலும் ஒரே நீலம். துணி எடுக்க வந்தவள் என்னைவிட இளையவள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். வழி தவறி வந்துவிட்டேன் என்றேன். உள்ளேயிருந்து, "கெர்ட்ரூட், யாரு அது?" என்று உங்கள் குரல் கேட்டது. ரயில் ஏறும்வரை நான் அழவில்லை.

படம் அழகாக இருக்கிறது. பண்டிகைக்கு வர வேண்டாம். தைத்த சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கஞ்சி போடவில்லை.

மகதலேனா