மடி மீட்பும் நெய் அளவும்

மே 14, புதன்

வெயில். டோல்கேட்டில் தார் உருகி, கன்டெய்னர் லாரிகள் அல்வாவில் நீந்துவது போல் நகர்ந்தன. கடையில் நெய் டின் தொட்டால் சுடுகிறது.

மாலை எர்ணாவூர், தங்கை கலா வீடு. அவள் மகளுக்கு ஆனிக் கடைசியில் காதுகுத்து. தாய்மாமன் மடி என்னுடையது. ஐநா சபையே வந்தாலும் பிடுங்க முடியாத உரிமை. கலாவின் புருஷன் முருகன், சொந்தக்காரர்கள் முன்னால் பஜ்ஜியை மென்றுகொண்டே:

"மச்சான், உன் மடில தொப்பை குந்திகினு கீது. கொயந்தைய எங்க குந்த வெக்கறது? சின்ன மச்சான் மடியே போதும்பா."

சின்ன மச்சான் = என் தம்பி சேகர். துடைப்பக்குச்சிக்குச் சட்டை மாட்டிய உருவம். எல்லோரும் சிரித்தார்கள். கலாவும். அந்தச் சத்தத்தில் எண்ணூரில் நின்ற கப்பல்கள் பயந்து நங்கூரம் எடுத்திருக்கும்.

சபதம்: மடியை மீட்பேன். முருகன் முகம் வாடுவதை நின்று நிதானமாக ரசிப்பேன். பிறகு பந்தி.

மே 16, வெள்ளி

வாட்ஸப் குழுவில் படித்த, சோற்றை விட்டுக் கொழுப்பு தின்று இளைக்கும் முறைக்கு டாக்டர் சரி என்றார். கொழுப்பு எவ்வளவு தின்னலாம் என்று அவரிடம் கேட்காமல் வீரநடையில் வெளியே வந்துவிட்டேன்.

சோறு, இட்லி, சர்க்கரை, உருளைக்கிழங்கு: நாடு கடத்தல்.
கொழுப்பு: வரம்பே இல்லை (வாட்ஸப் குழு வாக்கு). மொத்த நெய் வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வரம்?

காலை நெய்யில் முட்டை. டீயில் வெண்ணெய். மதியம் ஆட்டுக்கறி, கொழுப்போடு, மேலே நெய். இரவு பசியே இல்லை. ஆனாலும் கடமை உணர்ச்சியோடு ஒரு குழிக்கரண்டி.

மனைவி சாந்தி: "இன்னாய்யா, குத்துவெளக்குக்கு ஊத்தற மாரி ஊத்திகினு கீற?"

"முருகனுக்கு ஆப்பு ரெடியாவுது, சாந்தி."

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். கடை எடைமேடையில் ஏறினேன். முதல் வாரம் இறங்கிய கொஞ்சமும் திரும்பிவிட்டது. வயிற்றின் நிலை எழுதத் தக்கதல்ல. கடைக்கும் கழிப்பறைக்கும் ரயிலே விட்டிருக்கலாம்.

மதியம் லாரி. லோடு இறக்கும் தணிகாசலம் அண்ணன்: "ஓனரே, புது டின்னு எறக்கிடலாமா?"

குடோனில் பழைய சரக்கு கூரை வரை. கத்தினேன்: "உள்ள கெடக்கறது போறதுக்குள்ள புதுசு எறக்கினா, உள்ளது என்னிக்குண்ணே வெளிய போவும்?"

சொன்ன வாய் மூடவில்லை. கை தானாகத் தொப்பைக்குப் போனது. இங்கேயும் கூரை வரை சரக்கு. தினமும் நானே புது லோடு.

"வவுத்து வலியா ஓனரே?"

"இல்லண்ணே. ஞானம்."

இன்று முதல்: கறி, மீன், முட்டை, கீரை வயிறார. நெய், எண்ணெய் தாளிக்க, ருசிக்க, பசி அடங்க மட்டும். உடம்புக்கு வேண்டிய மிச்சத்தைத் தொப்பை கொடுக்கட்டும். வெண்ணெய் டீ ரத்து. பசிக்காத நேரத்து நெய் ரத்து. அடியோடு விடவும் கூடாது. விட்டால் மறுநாளே பரோட்டாக் கடையில் பிடிபடுவேன்.

ஜூலை 2, புதன்

தூறல். பேன்ட் இடுப்பில் நிற்க மறுப்பு. ஒத்திகை: சம்மணம், மடியில் நெய் டின். நழுவவில்லை!

சாந்தி: "அதுக்குக் காது எங்க கீது?"

முருகன் போன். சேகருக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டானாம். "சந்தோஷம் மாப்ளே," என்றேன், தேனாக. பல் கடித்த சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

காதுகுத்து. சேகர் பட்டு வேட்டியோடு மணையை நோக்கி வருமுன் நான் சம்மணமிட்டாயிற்று. மடி மைதானமாக விரிந்தது. கலா குழந்தையோடு நேராக என்னிடம்: "எங்கண்ணன் மடில எடம் கீது."

ஆசாரி ஊசி. அலறல். என் சட்டையைப் பிஞ்சு விரல்கள் இறுக்கிக்கொண்டன. எனக்கும் கண் கலங்கியது. பழிவாங்குகிறவன் அழக் கூடாது. துடைத்துக்கொண்டேன்.

முருகன் முகம்: ரசத்தில் வெந்த கறிவேப்பிலை. ஆசை தீரப் பார்த்தேன்.

பந்தியில் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்தி, "மச்சான், எனுக்கும் தொப்பை பேஜாரா கீது. சோத்த வுட்டுட்டா நெய்யி எவ்ளோ துன்னலாம்?"

குடோன் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். தோளில் அன்போடு கை போட்டேன்.

"அளவே கெடையாது மாப்ளே. ஊத்தி ஊத்தித் துன்னு. டின்னு நாளைக்கே அனுப்பறேன்."