வயிற்றைப் புண்ணாக்காத மாத்திரை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம். அப்பாவுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு நின்றுவிட்டது, முகத்தில் களை திரும்பிவிட்டது, சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று சண்டைக்கு நிற்கிறார். என்ன, மாரடைப்புக்குப் பிறகு ரத்தம் கட்டாமலிருக்க அவர் சாப்பிட்டு வந்த மாத்திரையை டாக்டர் மாற்றிவிட்டார், புதியதும் வயிற்றை உறுத்தத்தான் செய்கிறது.

என் ஆய்வகக் கதையைக் கேள். வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற பழைய மருந்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, அது ரத்தம் உறைவதைத் தடுக்கட்டும், வயிற்றைத் தொடாமல் இருக்கட்டும் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோமே, ஒன்று ரத்தம் உறைந்துவிடும், இல்லையென்றால் எலியின் வயிறு புண்ணாகிவிடும். போன மாதம் எங்கள் மேலாளர் இதை மூட்டை கட்டிவிடலாம் என்றார். இன்னும் ஒரு மாற்றம் பாக்கி, அதையும் பார்த்துவிட்டு மூடுங்கள் என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன், அவர் சரி என்ற பிறகுதான் எழுந்தேன். அது பலித்துவிட்டதடி. ரத்தம் கட்டவில்லை, எலிகளின் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் மருந்தியல்காரர், 'சந்தேகம்' என்று கூப்பிடுவோமே, அவர் என்னை நம்பாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே செய்து பார்த்தார். கடைசியில், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்றார், குரலில் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டில் வந்து சொன்னதும் அப்பா, "அப்ப எனக்கு நாளைக்கே ரெண்டு மாத்திரை எடுத்துட்டு வா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. எலியைத் தாண்டி மனிதருக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும், அதுவரை உங்களுக்கும் கிடையாது, என் கையால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் பார்த்தால், டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டும் நடக்கப் போகாத மனுஷன் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "நீ செஞ்சு முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணும்ல" என்றார். நானும் கூடப் போனேன், திரும்பி வரும் வரை என் கையை விடவில்லை.

அடுத்த கட்டச் சோதனைக்கு அனுமதி வந்துவிட்டது. இந்த மருந்து வரும், எனக்கு அதில் ஐயமில்லை.

நீ ஊருக்கு வரும்போது விமானத்தில் காலை மடக்கியபடியே தூங்கிவிடாதே, எழுந்து நட, தண்ணீர் குடி. தொட்டதெல்லாம் துலங்கி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஃபோன் செய், மாத்திரையைப் பற்றிப் பேசாதே, இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தார் என்று கேள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா