மேல் நிலையத்துக்கு எத்தனை பேர்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? குளிருக்கு வலி கூடியிருக்கும், தெரியும். இந்தத் தடவை வெறும் நலம் விசாரிப்பு இல்லை, நல்ல செய்தியும் இருக்கிறது. நம் நகரத்துக்கு ரோப் கார் வரப்போகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை. பஸ் மாதிரி, அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்கு. அடிவாரத்தில் கிளம்பி, உங்கள் குன்றைத் தாண்டி, அந்தப் பக்கத்து அலுவலகக் கட்டடங்கள் வரை. நடுவில் உங்கள் தெருவில் ஒரு நிலையம் வேண்டுமா என்று அறிக்கை எழுதும் வேலை யாரிடம் வந்திருக்கிறது, சொல்? உன் சுண்டுவிடம்தான்!

நிலையம் வந்துவிட்டால் நானூற்றுப் பன்னிரண்டு படியை நீ மறந்துவிடலாம். பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் பதினோரு நிமிடத்தில் என் வீட்டுப் பக்கம். நாலு வருடமாகப் பார்க்காத என் மகளைப் பார்க்கலாம்.

ஒரு உதவி செய். உன் ஜன்னலுக்கு நேரேதானே படி. பன்னிரண்டு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, கீழே இறங்குகிறவர்களை எண்ணி அனுப்பு. படிவம் வைத்திருக்கிறேன். எண்களைப் பென்சிலில் எழுது, தவறினால் திருத்த வசதி. கையெழுத்தை மட்டும் பேனாவில் போடு. அலுவலக வழக்கம்.

உன் சுண்டு

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறாளே, அந்தத் தண்ணீர்க்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வாயில் எது நிற்கும்? தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிரில் வருகிறவர்கள் எல்லாம், "உங்க தம்பி பெரிய ஆளாயிட்டாரே" என்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. தையல் வேலை கையில் இருக்கும்போது பென்சிலை எங்கே பிடிப்பது? ஒருவர் இறங்கினால் வெட்டுத் துணியில் சிவப்பு நூலால் ஒரு தையல். நாளுக்கு ஒரு துண்டு. பொழுது சாய்ந்ததும் தையலை எண்ணிப் படிவத்தில் எழுதினேன். மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பேர். நாளுக்குச் சராசரி முந்நூற்று நாற்பத்து மூன்று. பன்னிரண்டு கையெழுத்தும் பேனாவில்.

ஒரு சந்தேகம். இறங்கவே முடியாதவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? என்னைச் சேர்க்காமல் இந்தத் தெருவில் எட்டுப் பேர். கட்டம் இல்லாததால் விட்டுவிட்டேன்.

போன தடவை உன் வீட்டில், உன் மேலதிகாரி முன்னால், பத்து வயது வரை பாயை நனைத்தவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். உன் மனைவிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை வாயைத் தைத்துக்கொண்டு வருகிறேன், போதுமா? மகளுக்கு ஒரு கவுன் தைத்திருக்கிறேன். எவ்வளவு வளர்ந்தாள் என்று தெரியாததால் உள்மடிப்பு நிறைய விட்டிருக்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 9

தம்பிக்கு,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. வேலை அதிகம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று எங்கள் தெருக்கோடியில், தண்ணீர் சொட்டுகிற குழாயடிச் சுவரில் உங்கள் அறிக்கையை ஒட்டினார்கள். எங்கள் தெருவில் நிலையம் கிடையாதாம். நாளுக்கு முப்பத்து நாலு பேர்தான் இறங்குகிறார்களாம். அதற்கு அடியில் என் படிவங்களின் நகல், என் கையெழுத்தோடு. முதல் நாள் 351 என்று எழுதினேன். அங்கே 35 என்று இருக்கிறது. பன்னிரண்டு நாளும் கடைசி இலக்கத்தைக் காணோம்.

தண்ணீர்க்காரி வாசலில் நின்று கேட்டாள்: "தினமும் உன் ஜன்னலுக்கு முன்னாடி நாலு நடை இறங்கி ஏறுறேன். நான் உன் கண்ணுக்கு ஒரு ஆளாத் தெரியலையா?" காலிக் குடத்தை வைத்துவிட்டுப் போனவள், இன்று வரவில்லை. யாரும் என்னோடு பேசவில்லை.

அச்சுப் பிழையாகத்தான் இருக்கும். சீக்கிரம் சரிசெய், தம்பி.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

அச்சுப் பிழை இல்லை. நான்தான் அழித்தேன்.

அன்று நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாள் என் நாற்காலியில் ரப்பர் விரிப்பு கிடந்தது. இரண்டு வருடம் அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'ஈரப்பாய்'. உன் இடுப்பு போய்விட்டது, இனி இறங்க மாட்டாய் என்று கேள்விப்பட்டபோது வருத்தப்பட்டேன். நிம்மதியாக மூச்சும் விட்டேன். நிலையம் வந்தால் பதினோரு நிமிடத்தில் வந்து நிற்பாய். அதற்கு நானே அறிக்கை எழுதித் தர வேண்டுமா?

தெருக்காரர் ஒருவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. உன்னை விட்டால் வேறு யார் கேள்வி கேட்காமல் போடுவார்கள்?

தண்ணீருக்கு வேறு ஆள் பார். நவம்பரில் உன் கூரைக்கு மேலே பெட்டிகள் ஓடும். முதல் பெட்டியில் நான் இருப்பேன். ஆசையாக இருந்தால் கையாட்டு.

உதவித் திட்ட அலுவலர்

டிசம்பர் 12

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி விசாரணை அதிகாரி உன் வீட்டுக்கு வருகிறார். முப்பத்து நாலுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. இல்லாவிட்டால் என் வேலை போகும், வழக்கும் வரும். ஜூனில் ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

நாலு ஆள் வைத்து உன்னை நாற்காலியிலேயே தூக்கி வந்துவிடுகிறேன். இனி எங்களோடுதான் நீ. "அத்தை எப்பப்பா வருவாங்க?" என்று மகள் தினமும் கேட்கிறாள்.

உன் சுண்டு

டிசம்பர் 19

சுண்டுவுக்கு,

அதிகாரி நேற்று வந்தார். படியேறி வந்ததில் அவருக்குப் பேச்சே வரவில்லை. ஆறு மாதமாகத் தெருக்கோடிக் குழாயில் சொட்டுவதை நானே சொம்பில் பிடித்து வருவதால் வீட்டில் அரைச் சொம்புத் தண்ணீர்தான் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

எது சரி என்று கேட்டார். என் வாயால் உனக்கு இனி ஒரு கெடுதலும் வரக் கூடாது என்று இருந்தேன். அதனால் பன்னிரண்டு துணித் துண்டுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மனுக் கொடுத்தவர்களோடு வந்து வாசலில் நின்ற தண்ணீர்க்காரியும் எண்ணினாள். நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. ஒரு தையலைப் பிரித்தாலும் துணியில் ஓட்டை தெரியும், பென்சில் மாதிரி இல்லை. தம்பி ஏதாவது எழுதினாரா என்றார். ஜூன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன்.

நிலையம் வருமா என்று கேட்டேன். "தூண் நட்டாச்சும்மா, கம்பியும் இழுத்தாச்சு. இனிமே நடுவுல நிலையம் வைக்க முடியாது" என்றார். ஆக, உன் வேலை போவதால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. முன்பே தெரிந்திருந்தாலும் துணிகளை எடுத்துத்தான் வைத்திருப்பேன்.

முதல் பெட்டி போன அன்று முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கூரையை ஒட்டிப் போனது, உன் முகம் தெரிந்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகும் கையாட்டினேன், வெட்கம் கெட்டவள். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நேற்று சாயங்காலம் தண்ணீர்க்காரி நிறைகுடம் கொண்டுவந்து வைத்தாள். உன் மகளுக்குத் தைத்த கவுனை அவள் மகளுக்குக் கொடுத்தேன். உள்மடிப்பைப் பிரிக்காமலே சரியாக இருந்தது.

நாற்காலியும் நாலு ஆளும் வேண்டாம். நீ ஏறி வந்தால் ஜன்னலில் தெரிவாய். கதவைத் திறக்க மாட்டேன். இதை முழுக்கப் பேனாவில்தான் எழுதியிருக்கிறேன்.

தையல்காரி