இன்றைய முந்திரி விலை

14 நவம்பர் 2006, செவ்வாய். பெரம்பலூர்.

இன்று சொல்லாமல் விட்டது: "என் அக்கா உட்கார்ந்திருப்பாள் சார்."

எங்கள் பெண்கள் உதவி மையத்தின் மாதக் கூட்டம். தலைவர் சிவசுப்பிரமணியன் சார் என் யோசனையை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். "குடும்ப வன்முறைக்குப் புதுச் சட்டம் போன மாசம் அமலுக்கு வந்துடுச்சு. நோட்டீஸ் ஒட்டலாம், நாடகம் போடலாம். இந்தப் பொண்ணு வெப்சைட்டுங்குது. ஏம்மா ரோஸ், அடி வாங்குறவ கம்ப்யூட்டர் முன்னாடியா உக்காந்திருப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் உறுத்துகிறது.

"ரெண்டு மாசம் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னேன். கொடுத்திருக்கிறார்.

19 நவம்பர், ஞாயிறு.

ஜெயங்கொண்டம் போய்விட்டு வந்தேன். மேரி அக்காவின் இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. நான் கேட்பதற்குள் கிளமெண்ட் மாமா சொன்னார்: "சுவத்துல இடிச்சுக்கிட்டா. கண்ணு தெரியாதவளுக்கு வேற என்ன?"

அக்காவுக்கு ஆறு வயதில் பார்வை போனது. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் எதிலும் இடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கதவு, உரல், நிலைப்படி என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொள்வது நான்தான்.

மாமாவுக்கு முந்திரி வியாபாரம். கொல்லம், துபாய் என்று எங்கிருந்து மெயில் வந்தாலும் படித்துப் பதில் போடுவது அக்கா. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அவளிடம் இருக்கிறது, அமெரிக்கக்காரன் குரலில். முன்பு ஹெட்போனில் கேட்பாள். இப்போது அது இல்லை. எங்கே என்றேன். "புருசனுக்குத் தெரியாம கேக்க என்ன இருக்கு?" என்று மாமா சிரித்தார். அவள் தொடுவதெல்லாம் இனி அவர் காதிலும் விழும்.

வாசலில் அக்காவிடம் மெதுவாக, "நல்லாத்தான் இருக்கியா?" என்றேன்.

"நல்லா இருக்கேன். பஸ் போயிடும், கெளம்பு."

அம்மாவிடம் பேசிப் பயனில்லை. 'கண்ணு தெரியாத பொண்ணக் கட்டிக்கிட்ட புண்ணியவான்' என்பாள். எங்கள் ஊர் வரதராஜன்பேட்டை முழுக்க அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பேச்சுதான் அக்காவின் வாயைக் கட்டியிருக்கிறது. இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்பது அம்மா வாயிலிருந்தோ என் வாயிலிருந்தோ வந்தால் அவள் கேட்க மாட்டாள். தானாகக் கேட்க வேண்டும். தனியாக.

5 டிசம்பர், செவ்வாய்.

அரியலூரில் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர் என் சிநேகிதி செல்வம்மாள். பிறவியிலேயே பார்வை இல்லை, என் வயதுதான். மதிய இடைவேளையில் வெப்சைட்டின் மாதிரியை ஒரு சி.டி.யில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். தமிழ் எழுத்துரு எல்லாக் கணினியிலும் தெரியாது என்பதால் ஒவ்வொரு பத்தியையும் படமாக்கி அழகாக அடுக்கியிருந்தேன்.

அந்தக் குரல் 'படம், படம், படம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனது.

"ஏன்டி, இது வெப்சைட்டா, சினிமா கொட்டாயா?" என்றாள்.

அவள் தன் வேலைக்கு அந்தக் குரலை வைத்திருக்கும் வேகம்! ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. "உங்களுக்குக் கண்ணு ஓடுது, எங்களுக்குக் காது ஓடுது" என்றாள், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

6 டிசம்பர்.

எல்லாவற்றையும் அழித்தேன்.

9 ஜனவரி 2007, செவ்வாய்.

இரண்டாவது முயற்சி. குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் தன் பாணியில் படித்துவிடும். 'கணவர் அடித்தால்' என்று எழுதியிருந்தேன். அது 'கணவர் ஆடித்தால்' என்றது.

"ஆடுனா ஆடிட்டுப் போறான், அதுக்கு எதுக்குடி போலீசு?" செல்வம்மாளுக்குப் புரையேறிவிட்டது.

முதலில் இருந்த ஆங்கில ஏ எழுத்தை எடுத்துவிட்டு யூ போட்டேன். 'அடித்தால்' என்றது. கணினி வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்வம்மாள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

பிறகு அவள் கேட்டாள்: "பக்கத்தத் தொறந்ததும் மொதல்ல தலைப்பத்தான் கத்தும். குடும்ப வன்முறைன்னு அது கத்துறப்ப அவன் பக்கத்துல உக்காந்திருந்தா?"

அவளுக்கு அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாருக்குமே நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. ஜன்னலை மூடிக்கொண்டு யோசித்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கக்கூடிய தலைப்பு எது? அவர் விரும்பியே கேட்பது?

கேள்வி சரியாக அமைந்ததும் பதில் வந்துவிட்டது. 'இன்றைய முந்திரி விலை.'

30 ஜனவரி.

மேலே முந்திரி விலை, ஐந்து வரி. அதன்கீழ் 'வேறு விவரங்கள்'. அதைத் திறந்தால்தான் சட்டம், அதன்படி புகார் வாங்கும் பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண், எங்களுக்கு எழுத ஒரு கட்டம். எந்த இடத்திலும் எஸ்கேப் விசையை அழுத்தினால் மறுபடி விலைக்கு வந்துவிடும்.

உள்பக்கத்தின் முதல் வரியைப் பதினோரு தடவை எழுதினேன். நூலகத்தில் படித்த அறிக்கைகளின் சொற்கள் எதுவும் உதவவில்லை. 'குடும்ப வன்முறை' என்று எந்த வீட்டில் யார் சொல்கிறார்கள்? கடைசியில் இப்படி வைத்தேன்: 'சுவரில் இடித்துக்கொண்டேன் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். நாங்கள் உங்களை நம்புகிறோம், சுவரை அல்ல.'

11 பிப்ரவரி, ஞாயிறு.

மாமாவின் முன்னாலேயே சொன்னேன்! "எங்க குழுப் பொம்பளைங்க முந்திரி உடைக்கிறாங்கள்ல மாமா, அவங்களுக்காக தெனம் வெலை போடுறோம். அக்காவப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

"பரவால்லயே, உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீங்க" என்று முகவரியை அவரே எழுதி வாங்கினார்.

அக்காவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "கீழ வேற விவரமும் இருக்கு, பொறுமையா கேளு." அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. முகத்தில் எதையும் காட்டாதது எங்கள் குடும்ப வழக்கம்.

6 மார்ச்.

ஜெயங்கொண்டத்திலிருந்து பழனிவேல் என்ற வியாபாரி போனில் சத்தம் போட்டார். "மூணு நாளா பழைய வெலையே கெடக்கு! பொழப்பு வேணாமா எங்களுக்கு? போட்டா ஒழுங்கா போடுங்கம்மா!"

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாம பெண்கள் மையமா, முந்திரி மண்டியா?"

விலை பொய்யாக இருந்தால் பக்கமும் பொய்தானே. இனி தினமும் காலை மண்டிக்குப் போன் செய்வேன்.

29 மார்ச்.

விலை பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். உள்ளேயிருந்து யாரும் எழுதவில்லை. அக்காவும்தான்.

17 ஏப்ரல், செவ்வாய்.

வந்துவிட்டது. வந்துவிட்டது!

ஆங்கில எழுத்தில் தமிழ். பெயர் போடவில்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்:

'உள்பக்கத்தில் மூன்றாவது லிங்க்குக்குப் பெயர் வைக்கவில்லை. வெறும் லிங்க் என்று சொல்கிறது. சரிசெய். அந்த அலுவலரிடம் நான் பேச வேண்டும். வியாழன் வீட்டுக்காரர் பண்ருட்டி போகிறார். இதுவரை நான் எதிலும் இடித்துக்கொண்டதில்லை என்று உனக்குத் தெரியும்.'

அழுதேனா, சிரித்தேனா? பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு வந்து, முதலில் அந்த லிங்க்கைச் சரிசெய்தேன்.

19 ஏப்ரல், வியாழன்.

பாதுகாப்பு அலுவலரிடம் பேசி முடித்துவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவரு வெளில போனப்பத்தான அந்தப் பக்கத்தக் கேட்ட?" என்றேன்.

"அப்பல்லாம் அவரு எங்க போனாரு? பக்கத்துலதான் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. வெலை படிக்கிற வரைக்கும் கொரல மெதுவா வெச்சேன். அப்புறம் வேகத்தக் கூட்டிட்டேன். என்னடி கொசு கத்துற மாதிரி இருக்குன்னாரு. வெளம்பரம், தள்ளி விட்டுக்கிட்டு இருக்கேன்னேன். அவரு டீ முடிக்கிறதுக்குள்ள சட்டம் பூரா கேட்டுட்டேன்டி! நாலு நாள், நாலு தடவ."

ஹெட்போனை எடுத்துவிட்டால் போதும் என்று அவர் நினைத்தார். தலைப்பை மறைத்தால் போதும் என்று நான் நினைத்தேன். அவள் காதின் வேகம் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

"சுவத்த நம்பலன்னு எழுதிருந்தியே," என்றாள் கடைசியில். "அத நேர்ல சொல்றதுக்கென்ன, கழுத?"

12 ஜூன்.

அக்காவின் மனு விசாரணைக்கு வந்தது. நீதிமன்ற வராந்தாவில் அம்மா வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அக்காவின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். "இந்த எலும்பு ஏன் இப்படி மேடா இருக்கு?" அக்கா சொன்னாள். அம்மா அதன்பிறகு புண்ணியவான் என்ற சொல்லை எடுக்கவில்லை.

3 செப்டம்பர், திங்கள்.

இன்று சொன்னது.

கூட்டத்தில் சார் கேட்டார்: "முந்திரி வியாபாரிங்களத் தவிர அந்தப் பக்கத்த யாராவது உபயோகிச்சாங்களாம்மா?"

முன்தினமே அக்காவிடம் கேட்டுவைத்திருந்தேன். "சொல்லேன், அதுக்கென்ன" என்றிருந்தாள்.

"எங்க அக்கா உக்காந்தா சார்" என்றேன். "அவளுக்கு அப்புறம் பதினாலு பேரு."

சிவசுப்பிரமணியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிறகு, பக்கத்தைக் கேட்டுத் திருத்திய செல்வம்மாளைப் பற்றி நான் சொன்னதும், அவளை அடுத்த கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

வீட்டில் அக்கா இருக்க வேண்டும், கிளமெண்ட் வெளியேற வேண்டும் என்று ஆகஸ்ட் கடைசியில் உத்தரவு வந்தது. அவர் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கொல்லத்துக்காரர்களுக்கு இத்தனை வருடம் மெயில் எழுதியது அக்காதான். அவர்கள் இப்போதும் அவளுக்குத்தான் எழுதுகிறார்கள்.

இன்றிலிருந்து முந்திரி விலையை அக்கா போடுகிறாள், காலை பத்து மணிக்கு. ஹெட்போன் வாங்கவில்லை. ஸ்பீக்கரில்தான் கேட்கிறாள், வேகத்தைக் குறைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.